பெட்ரோல் கோடி போகும்போது: ஒழுகும் கார்புரேட்டரை வீட்டு வாசலிலேயே சரிசெய்ய

வண்டிக்கு அடியில் நேற்றைய நாளிதழ் ஒன்றை விரித்து வையுங்கள். இந்த வேலையில் முதல் கருவி அதுதான். ஸ்பேனருக்கு முறை பிறகுதான் வரும்.

பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் ஒழுகினால் உடனே அதைக் கழற்றத் தோன்றும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு வாசலில் நிற்பது அப்பா 2006இல் வாங்கிய நூறு சிசி பைக். ஒரு மே மாதக் காலையில் அதன் எஞ்சினுக்குக் கீழே பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு பட்டறையில் காட்டினேன். ஊசியை மாற்றினார்கள், ஒழுகியது. இன்னொரு ஊசி போட்டார்கள், அப்போதும் ஒழுகியது. "தம்பி, கார்புரேட்டரையே மாற்றிவிடு, நிம்மதி" என்றார்கள். நான் மாற்றவில்லை. கோளாறு எங்கே இருந்தது என்பதை அதன் இடம் வரும்போது சொல்கிறேன்.

இந்தக் கட்டுரை கார்புரேட்டர் உள்ள வண்டிகளுக்கு மட்டும். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தது. அதன்பின் விற்பனைக்கு வந்த இருசக்கர வண்டிகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது ஃபியூவல் இன்ஜெக்‌ஷன். அதில் பெட்ரோல் அழுத்தத்தோடு ஓடுகிறது. இங்கே சொல்வது எதுவும் அதற்குப் பொருந்தாது. பழைய பைக், மொபெட், ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் மேலே படிக்கலாம்.

உள்ளே நடப்பது என்ன?

நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. ஓர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். காவேரிப்பாக்கம் ஏரி என்றே வைத்துக்கொள்வோம். பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாக அதற்குத் தண்ணீர் வருகிறது. மதகு வழியாக வயலுக்குப் போகிறது. அளவுக்கு மேல் நிரம்பினால் கோடி போகிறது, அதாவது மிகுதி வழிந்து வெளியேறுகிறது.

கார்புரேட்டரின் அடியில் இருக்கும் கிண்ணம் ஒரு குட்டி ஏரி. டேங்கிலிருந்து வரும் டியூப் அதன் வரத்துக் கால்வாய். ஜெட் என்னும் துளையிட்ட பித்தளைத் திருகு மதகு. கிண்ணத்துக்கு வெளியே தொங்கும் மெல்லிய குழாய், அதாவது ஓவர்ஃப்ளோ குழாய், கோடி. ஏரியில் இல்லாத ஒன்று இங்கே உண்டு. கிண்ணம் நிரம்பியதும் வரத்தைத் தானே அடைக்கும் காவல்காரன் அது. ஒரு மிதவை பெட்ரோலோடு மேலே எழுந்து, சிறிய ஊசி ஒன்றை அதன் துளையில் அழுத்தி மூடுகிறது. பெட்ரோல் செலவானதும் மிதவை இறங்கி வழிவிடுகிறது. மிதவையைக் கடையில் ஃப்ளோட் என்பார்கள். ஊசியைப் பல கடைகளில் ஃப்ளோட் பின் என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். வெறுமனே ஊசி என்று கேட்டால், ஆக்சிலரேட்டரோடு ஏறி இறங்கும் நீண்ட ஊசியைக் கையில் கொடுத்து அனுப்பிவிடக்கூடும். அது வேறு.

காவல்காரன் கதவைச் சரியாக மூடாவிட்டால் ஏரி நிரம்பிக்கொண்டே போகும். கோடிக்குழாய் திறந்திருந்தால் பெட்ரோல் தரையில் விழும். அது அடைத்திருந்தாலோ, வரத்து மிகுதியாக இருந்தாலோ, பெட்ரோல் எஞ்சினுக்குள் போகும். இரண்டில் தரையில் ஒழுகுவதே மேல். அது செலவு, எஞ்சினுக்குள் போவது ஆபத்து.

முதலில் இடமும் தீயும்

வேலையை வாசலில் வைத்துக்கொள்ளுங்கள். நடையிலோ கூடத்திலோ வேண்டவே வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய் அடுப்பையோ, சாமி விளக்கையோ, கொசுவர்த்திச் சுருளையோ தொட்டால் தீ உங்களைத் தேடிக்கொண்டு திரும்பி வரும். அக்னி நட்சத்திர வெயிலில் வேலூரில் நண்பகலில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். பெட்ரோல் கண்முன்னே ஆவியாகும். எங்கே ஒழுகுகிறது என்றும் தெரியாது. காலை 6 மணி நல்ல நேரம். எஞ்சின் இரவு முழுக்க ஆறியிருக்கும்.

பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். பாலாற்று மணல் தேடிப் போக வேண்டாம். அதன் விலைக்கு இன்னொரு கார்புரேட்டரே வாங்கிவிடலாம். தோட்டத்து மண் போதும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் பெட்ரோல் அதன்மேல் மிதந்து தீயை இன்னும் பரப்பும்.

டியூபை வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள். வடித்த பெட்ரோலைக் குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தோடு விளையாடிவிட்டு வரும் பிள்ளைக்கு அது தண்ணீர் பாட்டில்தான்.

எங்கிருந்து ஒழுகுகிறது?

பெட்ரோல் டேப்பை மூடுங்கள். கார்புரேட்டரையும் அதைச் சுற்றியுள்ள இடத்தையும் பழைய பனியன் துணியால் ஈரமில்லாமல் துடையுங்கள். வண்டியை சென்டர் ஸ்டாண்டில், சமதரையில் நிறுத்துங்கள். சைடு ஸ்டாண்டில் சரிந்து நிற்கும் சில வண்டிகளில் கோளாறே இல்லாமலும் ஓரிரு சொட்டு விழும். இப்போது டேப்பைத் திறந்து, எஞ்சினை இயக்காமல், டார்ச்சோடு ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். நாளிதழில் ஈரம் விழும் இடத்துக்கு நேர் மேலே பார்வையைக் கொண்டு போங்கள். பெட்ரோல் வழிந்து வேறு இடத்தில் சொட்டும் என்பதால், எல்லாவற்றுக்கும் மேலே நனைந்திருக்கும் இடம்தான் மூலம்.

டியூப் இணையும் இடம் நனைந்திருந்தால் டியூபையும் கிளிப்பையும் மாற்றுங்கள், வேலை முடிந்தது. பழைய டியூபின் நுனி விறைத்து வெடித்திருக்கும். டேப்பே நனைந்திருந்தால் அதற்குள் இருக்கும் ரப்பரைப் பாருங்கள். கிண்ணம் உடலோடு சேரும் கோட்டில் கசிந்தால் ஓ ரிங் அல்லது பேக்கிங் போயிருக்கிறது. கிண்ணத்தின் அடியில் உள்ள டிரெய்ன் ஸ்குரூவில் கசிந்தால் அதை மெதுவாக இறுக்கிப் பாருங்கள். மேலே எல்லாம் காய்ந்திருந்து, ஓவர்ஃப்ளோ குழாயின் நுனியில் மட்டும் சொட்டினால்தான் நாம் தேடிவந்த நோய்.

எதுவுமே சொட்டவில்லை, ஆனால் வண்டி கிளம்பவில்லை, பிளக் நனைந்து கறுப்பாக இருக்கிறது என்றால் அது வேறு கதை. சோக்கைப் போட்டபடி பத்துப் பன்னிரண்டு முறை உதைத்திருப்பீர்கள். சோக்கை எடுத்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுவதும் முறுக்கிப் பிடித்து, சில முறை உதையுங்கள். அதிகமாகச் சேர்ந்த பெட்ரோலைக் காற்று வெளியே தள்ளிவிடும். கார்புரேட்டரைத் தொட வேண்டாம்.

கழற்றாமல் முதல் முயற்சி

ஓவர்ஃப்ளோ குழாயில்தான் ஒழுகுகிறது என்று உறுதியானால், ஸ்குரூ டிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் கிண்ணத்தை நான்கைந்து தட்டு தட்டுங்கள். தேங்காய் முற்றியிருக்கிறதா என்று பார்க்கும் அளவு தட்டு, உடைக்கும் அளவல்ல. ஊசியில் ஒட்டிய தூசி சில சமயம் இதிலேயே விலகிவிடும்.

நிற்கவில்லையா? டேப்பை மூடி, டிரெய்ன் ஸ்குரூவைத் திறந்து கிண்ணத்தை ஒரு டப்பாவில் வடியுங்கள். ஸ்குரூ திறந்தபடியே இருக்க, டேப்பை ஐந்தாறு விநாடி திறந்து மூடுங்கள். புதுப் பெட்ரோல் ஓடிவந்து ஊசியின் இருக்கையைக் கழுவும். பிறகு ஸ்குரூவை மூடி மறுபடி சோதியுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தும் நிற்காவிட்டால்தான் கழற்ற வேண்டும். டப்பாவில் வடித்ததை வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் செம்மண் போலத் துகள் கிடந்தால் டேங்கில் துரு. முத்து முத்தாக உருண்டால் அது தண்ணீர்.

காட்பாடி ரயில் நிலைய ஸ்டாண்டில் வண்டியைப் போட்டுவிட்டு வாரக் கணக்கில் ஊருக்குப் போகும் மாணவர்கள் இந்த இரண்டையும் அடிக்கடி சந்திப்பார்கள். அரை டேங்க் பெட்ரோலோடு வண்டி பகலில் வெயிலில் காய்கிறது, இரவில் குளிர்கிறது. டேங்கின் உட்புறத்தில் ஈரம் படிந்து துரு பிடிக்கிறது. இன்றைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்; பழைய வண்டிகளின் ரப்பரையும் அது மெல்ல நைக்கும். ஊருக்குப் போகும்போது டேப்பை மூடி, கிண்ணத்தை வடித்துவிட்டுப் போனால் பாதி வேலை மிச்சம்.

ஆயிலைப் பாருங்கள்

இதைச் செய்யாமல் மேலே போகாதீர்கள். நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் ஆயில் குச்சியை எடுத்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாசம் அடித்தாலோ, ஆயில் மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தாலோ, ஒழுகிய பெட்ரோல் சிலிண்டர் வழியாக ஆயிலில் கலந்திருக்கிறது. ஆயில் நீர்த்துவிட்டால் பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் பாதுகாப்பு இல்லை. கார்புரேட்டரைச் சரிசெய்து முடித்ததும் ஆயிலை முழுக்க மாற்றுங்கள். அதுவரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். ஆயில் விலையைப் பார்த்து இந்த இடத்தில் கஞ்சத்தனம் பண்ணியவர்கள் பிறகு சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும் போரிங் செலவுக்கு அலைந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கிக்கர் பாதியில் கல்போல நின்றால் வலுவாக மிதிக்காதீர்கள். சிலிண்டருக்குள் பெட்ரோல் நிறைந்திருக்கலாம், திரவம் அமுங்காது. பிளக்கைக் கழற்றி, சாவியை அணைத்து, பிளக் ஒயரைத் துளையிலிருந்து தள்ளி வைத்துவிட்டு, மெதுவாக மிதித்து வெளியேற்றுங்கள். பழைய இரண்டு ஸ்ட்ரோக் மொபெட்டுகளில் ஆயில் குச்சி கிடையாது. அங்கே பெட்ரோல் எஞ்சினின் அடிப்பகுதியிலேயே தேங்கும். அவற்றுக்கும் இதே வழிதான்.

கழற்றுதல்

கார்புரேட்டர் வண்டியில் இருக்கும்போதே நான்கு பக்கமும் செல்பேசியில் படம் எடுத்துவிடுங்கள். எந்த டியூப் எந்த மூக்கில் இருந்தது என்பது மாலையில் நினைவிருக்காது.

டேப்பை மூடி டியூபை உருவுங்கள். ஏர் ஃபில்டர் பக்கத்துக் கிளிப்பைத் தளர்த்துங்கள். எஞ்சின் பக்கம் இருக்கும் இரண்டு நட்டுகளுக்குப் பெரும்பாலான நூறு சிசி வண்டிகளில் 10 எண் ஸ்பேனர் சரியாக இருக்கும். மேல் மூடியைக் கழற்றினால் ஆக்சிலரேட்டர் கேபிளோடு, ஸ்லைடு என்னும் ஏறி இறங்கும் உருளையும் நீண்ட ஊசியும் வெளியே வரும். அவற்றைக் கழற்ற வேண்டாம். ஒரு துணியில் சுற்றி ஹேண்டில்பாரில் தொங்கவிடுங்கள். அந்த ஊசி வளைந்தால் இன்னொரு செலவு.

ஒரு தாம்பாளத்தை எடுத்து அதன்மேல் கிண்ணத்தைத் திறங்கள். அடுக்களைத் தாம்பாளம் வேண்டாம். பெட்ரோல் வாசம் எத்தனை முறை கழுவினாலும் போகாது. அதற்கு வரும் வசவும் நிற்காது. ஸ்டார் ஸ்குரூக்களின் தலை மென்மையானது. தலைக்கு அளவான ஸ்குரூ டிரைவரை உடல் எடையோடு அழுத்திப் பிடித்துத் திருப்புங்கள். அழுத்தம் அதிகம், திருப்பல் குறைவு. தலை தேயாமல் வரும்.

கிண்ணம் திறந்ததும் மிதவை தெரியும். அதைத் தாங்கும் சின்ன அச்சை ஒரு பக்கத்திலிருந்து மெல்லிய ஆணியால் தள்ளுங்கள், சுத்தியல் வேண்டாம். அச்சைத் தாங்கும் இரண்டு அலுமினியத் தூண்களில் ஒன்று முறிந்தால் கார்புரேட்டரின் கதை முடிந்தது. அச்சு வந்ததும் மிதவை கையோடு வரும், அதன் நாக்கில் ஊசி தொங்கிக்கொண்டிருக்கும்.

ஊசி, இருக்கை, மிதவை

ஊசியின் கூர்முனையை வெயிலில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். முனையைச் சுற்றி வளையம் போட்டதுபோல் ஒரு பள்ளம் இருந்தால் அது தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள். நகத்தால் தடவினாலே பள்ளம் தட்டுப்படும். பின்புறத்தில் ஸ்பிரிங்கோடு கூடிய சிறு பொட்டு இருந்தால், அழுத்திவிட்டால் தானே எழ வேண்டும். பழைய ஊசியைக் கடைக்குக் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். நீளத்தில் அரை மில்லிமீட்டர் மாறினாலும் பெட்ரோலின் மட்டம் மாறிவிடும்.

ஊசி உட்காரும் பித்தளைத் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாக இருந்தால், காது குடையும் பஞ்சுக் குச்சியில் பித்தளை பாலிஷ் சிறிது தொட்டு, விரலால் உருட்டிச் சுழற்றித் தேய்த்துவிட்டு, பெட்ரோலில் நன்றாகக் கழுவுங்கள். எமரித்தாள் கூடாது.

மிதவையைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே தளும்பும் சத்தம் கேட்டால் பெட்ரோல் குடித்திருக்கிறது. குடித்த மிதவை எழாது. சத்தம் வராவிட்டாலும், பெட்ரோல் இருக்கும் இடத்திலிருந்து தள்ளிப் போய், வெந்நீரில் அமுக்கிப் பாருங்கள். குமிழ் வந்தால் அங்கே ஓட்டை. பிளாஸ்டிக் மிதவையை ஒட்டவைத்துப் பார்ப்பது வீண் வேலை, எடையும் கூடிவிடும்.

ஜெட்டுகளைக் கழற்றிச் சுத்தம் செய்யும்போது ஊக்கையோ குண்டூசியையோ துளையில் விடாதீர்கள். துளை பெரிதானால் மதகை அகலப்படுத்தியது மாதிரி. துடைப்பக் குச்சியும் வேண்டாம். நுனி முறிந்து உள்ளே தங்கிவிடும். மின்சார ஒயரைச் சீவினால் கிடைக்கும் மயிர் போன்ற ஒற்றைச் செம்புக் கம்பி போதும். அதற்குப் பிறகு காற்று. தெருமுனைப் பஞ்சர் கடையில் கேட்டால் கம்பிரசர் காற்றை ஒரு நிமிடம் அடித்துத் தருவார்கள். அப்போது ஊசியும் மிதவையும் உள்ளே இருக்கக் கூடாது. ஏர் ஸ்குரூவைக் கழற்றுவதானால் முதலில் உள்பக்கம் மெதுவாகத் திருப்பி, எத்தனை சுற்று போகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பப் போடும்போது அதே கணக்கு.

என் வண்டியின் கோளாறு

பல கார்புரேட்டர்களில் கிண்ணத்தின் நடுவே அல்லது ஓரத்தில் ஒரு பித்தளைக் குழாய் செங்குத்தாக நிற்கும். அதுதான் கோடிக்குழாயின் உள் வாய். பெட்ரோல் அதன் உச்சியைத் தாண்டினால்தான் வெளியே போக வேண்டும். அந்தக் குழாயில் மயிரிழையாக ஒரு விரிசல் விழுந்தால், மட்டம் சரியாக இருந்தாலும் பெட்ரோல் கீழிருந்தே கசிந்து வெளியேறும். ஏரிக்கரையில் நண்டு வளை விழுந்தது போலத்தான். அதற்காக வரத்துக் கால்வாயை எத்தனை முறை அடைத்தாலும் என்ன பயன்?

சோதனை மிக எளிது. கழற்றிய கிண்ணத்தைக் கையில் பிடித்து, அந்தக் குழாயின் உச்சிக்குச் சற்றுக் கீழே வரை பெட்ரோல் ஊற்றுங்கள். கிண்ணத்தின் அடி மூக்கைத் துடைத்துவிட்டு நாளிதழின்மேல் பத்து நிமிடம் பிடியுங்கள். சொட்டினால் ஊசியில் குற்றமில்லை. என் கிண்ணம் நான்காவது நிமிடத்தில் சொட்டியது. புதுக் கிண்ணம் தனியாகக் கிடைத்தது. புதுக் கார்புரேட்டருக்கு ஆகும் பணத்தில் அது ஒரு சிறு பங்கு. இரண்டு ஊசிக்கும் கொடுத்த கூலி போனதுதான்.

மட்டம் பார்த்துப் பொருத்துதல்

உலோக நாக்கு உள்ள மிதவையானால், அந்த நாக்கை இம்மி வளைத்து உயரத்தை மாற்றலாம். அளவு ஒவ்வொரு வண்டிக்கும் வேறு. சர்வீஸ் மேனுவலில் இருக்கும். பிளாஸ்டிக் நாக்கை வளைக்க முயலாதீர்கள், முறியும்.

மேனுவல் இல்லாவிட்டாலும் பெட்ரோலின் மட்டத்தைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. கொத்தனார்கள் தண்ணீர் நிரப்பிய டியூபை வைத்துச் சுவரின் மட்டம் பார்ப்பார்கள் அல்லவா, அதே வித்தை. கிண்ணத்தின் டிரெய்ன் மூக்கில் உள்ளிருப்பது தெரியும் ஒரு பிளாஸ்டிக் டியூபைச் செருகி, மறுமுனையைக் கார்புரேட்டரின் பக்கவாட்டில் மேல்நோக்கிப் பிடித்து, டிரெய்ன் ஸ்குரூவைத் திறங்கள். டியூபில் பெட்ரோல் நிற்கும் உயரம்தான் உள்ளே இருக்கும் மட்டம். கிண்ணமும் உடலும் சேரும் கோட்டின் அருகே ஏறி நின்றுவிட்டால் பொதுவாக நல்லது. நிற்காமல் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால் ஊசி இன்னும் மூடவில்லை. டிரெய்னும் ஓவர்ஃப்ளோவும் ஒரே மூக்கில் சேரும் வண்டிகளிலும் இந்தச் சோதனை நடக்கும்.

ஓ ரிங்கைப் புதிதாகப் போடுங்கள். பழையது பெட்ரோலில் ஊறி நீண்டு, பள்ளத்தில் உட்காராமல் துள்ளும். கடை மூடியிருந்தால் அதை ஒரு நாள் காற்றில் வைத்துப் பாருங்கள், ஓரளவு சுருங்கும். கசிவை அடைக்கிறேன் என்று சிலிக்கான் பசையைப் பூசாதீர்கள். பெட்ரோல் அதைப் பிய்த்து நேராக ஜெட்டுக்குள் கொண்டு சேர்க்கும். கிண்ணத்தின் ஸ்குரூக்களை ஒன்றுக்கு எதிரே ஒன்றாக, சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஸ்லைடை உள்ளே இறக்கும்போது அதன் பள்ளம் உள்ளிருக்கும் முனையில் சரியாக உட்கார வேண்டும். ஸ்டார்ட் செய்யும் முன் ஆக்சிலரேட்டரை முறுக்கிவிட்டுப் பாருங்கள்; டக்கென்று தானே திரும்ப வேண்டும். திரும்பாமல் சிக்கினால் வண்டியைத் தெருவில் இறக்காதீர்கள். டேங்கில் துரு கண்டிருந்தால், டியூபின் நடுவில் ஒரு சிறு பெட்ரோல் ஃபில்டரையும் இப்போதே செருகிவிடுங்கள்.

வேலை முடிந்ததும் டேப்பைத் திறந்து பத்து நிமிடம் காத்திருந்து, பிறகு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடானபின் ஐடிலை, அதாவது ஆக்சிலரேட்டரை முறுக்காதபோது எஞ்சின் ஓடும் வேகத்தை, சரிசெய்யுங்கள். அன்று இரவு மட்டும் டேப்பைத் திறந்தே வைத்து, அடியில் புது நாளிதழ் விரியுங்கள். வாசலில் காற்றோட்டம் இருக்க வேண்டும். விளக்கு, சுருள் எதுவும் அருகில் கூடாது. பெட்ரோல் ஆவியாகிவிடும் என்பதால் காலையில் தாள் காய்ந்திருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. தாள் சுருங்கிய இடத்தையும், மங்கிய ஆரஞ்சு வளையத்தையும் தேடுங்கள், மோந்தும் பாருங்கள்.

எங்கள் வீட்டில் அந்தத் தாளை முதலில் எடுத்தது அப்பா. மூக்கருகே கொண்டுபோய் வைத்துப் பார்த்தார், வெளிச்சத்தில் ஒரு முறை தூக்கிப் பிடித்தார். பிறகு திண்ணையில் உட்கார்ந்து, அதிலேயே நேற்றைய ராசிபலனைப் படிக்கத் தொடங்கினார்.